வளவில் கிடந்தது புடையனா, வெங்கிணாந்தியா?

கேள்வி: பின்வளவில் கிடுகு அடுக்கின இடத்தில் பொழுதுபடும் நேரம் இந்தப் பாம்பு சுருண்டு கிடந்தது, படம் அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமா வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்புக் குட்டி என்கிறார். சரியா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை, இது கண்ணாடிப் புடையன், கண்ணாடி விரியன் என்றும் சொல்லுகிற கொடிய விஷப் பாம்பு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், முதுகில் கறுப்பு விளிம்போடு முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாகச் சங்கிலி போல ஓடுகின்றன. வெங்கிணாந்திக்கு அந்த ஒழுங்கு கிடையாது, கிழித்து ஒட்டின மாதிரிப் பெரிய பெரிய திட்டுகள்தான், தலையில் அம்பு முனை போல ஓர் அடையாளமும் இருக்கும். இப்படி மாறி நினைத்துக் கையால் தூக்கப் போனால் உயிருக்கே ஆபத்து, மாமாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கிடுகை இப்போதைக்குத் தொட வேண்டாம். எலி இருந்தால் புடையன் திரும்ப வரும், அதனால் நெல் மூட்டையை உயரத்தில் வையுங்கள், அப்புறம் இரவில் டோர்ச் இல்லாமல் கிணற்றடிக்குப் போகாதீர்கள். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் வெட்டுவதும் வேண்டாம், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், விஷக்கல்லும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள்.