பாதி விலைக்கு அசல் ஜெர்சி கிடைக்குமா? கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகளின் ஜெர்சிகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். அவற்றில் முழு விலை கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு. குறைந்த விலையில் அசலை வாங்குவது பற்றி நண்பர்களும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு கடை, ஆர்சனலின் இந்த சீசன் ஜெர்சியை 799 ரூபாய்க்குத் தருகிறது. "பிளேயர் வெர்ஷன், மாஸ்டர் காப்பி" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

அந்தக் கடைக்காரர் ஒரு வகையில் நேர்மையானவர், காப்பி என்று அவரே சொல்லிவிட்டார். ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, தாய் (தாய்லாந்து) குவாலிட்டி ஆகிய எல்லாமே போலிகளின் தரவரிசைதான், அசலுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. குழப்பம் "பிளேயர் வெர்ஷன்" என்ற சொல்லில் இருக்கிறது. நிறுவனங்கள் அச்சொல்லை வீரர்கள் அணியும் விலையுயர்ந்த வகைக்கு வைத்திருக்கின்றன, நம் ஊர் ஆன்லைன் கடைகளோ சற்று நல்ல போலிக்கு வைத்திருக்கின்றன. நடப்பு சீசனின் அசல் ஜெர்சி, ரசிகர்களுக்கான சாதாரண வகையே, இங்கிலாந்தில் 80 பவுண்டை ஒட்டியும் இந்தியாவில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டியும் விற்கிறது. எந்த விலைக்குறைப்பைக் கண்டாலும் "இது ஏன் குறைந்தது?" என்று கேளுங்கள். சீசன் முடிந்தது, வீரர் கிளப் மாறினார், ஸ்பான்சர் மாறினார், சைஸ் விற்காமல் தங்கிவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் அசலுக்கு இருக்கும். ஆகஸ்டில் வந்த ஜெர்சி செப்டம்பரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்கு வருவதற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை.

கேள்வி: அப்படியானால் எந்த மாதத்தில் வாங்க வேண்டும்?

இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கின் கிளப்புகள் இப்போது பெரும்பாலும் ஆண்டுதோறும் புது ஜெர்சி வெளியிடுகின்றன. அவை மே முதல் ஆகஸ்டு வரை ஒவ்வொன்றாக வரும். ஆகவே ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை பழைய சீசன் சரக்கைத் தள்ளிவிடும் காலம். முதலில் மூன்றாவது ஜெர்சியும் (நிறம் மோதும்போது அணியும் மாற்று) வெளியூர் ஜெர்சியும் குறையும், சொந்த மைதான ஜெர்சி கடைசியாகத்தான் இறங்கும். பாதி விலை என்பது அந்த நாட்களில் அதிசயமே அல்ல. ஆனால் மீடியம், லார்ஜ் சைஸ்கள் முதலில் தீர்ந்துவிடும், எக்ஸ்ட்ரா ஸ்மாலும் மூன்று எக்ஸ்எல்லும்தான் கடைசிவரை காத்திருக்கும். உங்கள் சைஸ் நடுத்தரமானது என்றால் அறுபது சதவீதத் தள்ளுபடிக்காகக் காத்திருக்காமல் முப்பதிலேயே எடுத்துவிடுவது நல்லது. நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் நடப்பு சீசன் ஜெர்சியே கொஞ்சம் குறையும்.

இவற்றைவிடப் பெரிய வாய்ப்பு, ஜெர்சி தயாரிக்கும் நிறுவனம் மாறும் ஆண்டு. லிவர்பூல் 2020 முதல் நைக்கியிடம் இருந்தது, 2025 ஆகஸ்டு 1 அன்று அடிடாஸுக்கு மாறியது. நியூகாசில் 2024-ல் காஸ்டோரிலிருந்து அடிடாஸுக்கு வந்தது. இத்தகைய மாற்றத்தின்போது பழைய நிறுவனத்தின் ஜெர்சி மட்டுமல்லாமல் பயிற்சி உடை, ஜாக்கெட், தொப்பி, பை எல்லாவற்றையும் கடை அலமாரியிலிருந்து இறக்கியாக வேண்டும். ஸ்பான்சர் மாற்றமும் இப்படித்தான். சூதாட்ட நிறுவனங்களின் பெயரை ஜெர்சியின் முன்பக்கத்திலிருந்து 2025-26 சீசன் முடிவுக்குள் எடுத்துவிடுவதென்று பிரீமியர் லீக் கிளப்புகள் 2023-ல் ஒப்புக்கொண்டன. சூதாட்ட ஸ்பான்சரின் பெயரைத் தாங்கிய ஆஸ்டன் வில்லா, எவர்ட்டன் போன்ற கிளப்புகளின் ரசிகர்களுக்கு இது கவனிக்க வேண்டிய மாற்றம்.

கேள்வி: ஒரு ஜெர்சி கையில் இருக்கிறது. அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், போலி செய்பவர்களும் அங்கேதான் உழைக்கிறார்கள். ஜெர்சியை உள்வெளியாகத் திருப்புங்கள். பக்கவாட்டுத் தையலில், இடுப்புக்குச் சற்று மேலே, துவைக்கும் முறை அச்சிட்ட சிறிய லேபிள்கள் அடுக்காகத் தைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றில் அந்த உடுப்புக்கான எண் இருக்கும். அடிடாஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும், நைக்கி என்றால் ஆறு இடங்கள், ஒரு சிறு கோடு, பிறகு நிறத்துக்கான மூன்று இலக்கங்கள், பூமா என்றால் ஆறு இலக்கங்களும் நிறத்துக்கான இரண்டு இலக்கங்களும் இருக்கும். அந்த எண்ணை அப்படியே இணையத்தில் தேடுங்கள். அதே கிளப், அதே சீசன், அதே நிறம், அதே ஆண்/பெண்/சிறுவர் வகை வர வேண்டும். போலித் தொழிற்சாலைகள் ஒரே லேபிளைக் கட்டுக் கட்டாக அடித்து எல்லா உடுப்பிலும் தைத்துவிடுவது வழக்கம். எனக்கு ஒரு தனிநபர் விற்ற வெளியூர் ஜெர்சியின் எண்ணைத் தேடியபோது திரையில் வந்தது ஓட்டப் பயிற்சிக்கான அரைக்கால்சட்டை.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதையும் நகலெடுக்கிறார்கள். ஆகவே தையல் பேட்ஜின் பின்புறத்தைப் பாருங்கள். அசலில் நூல் முனைகள் வெட்டப்பட்டுச் சுத்தமாக இருக்கும், போலியில் நூல் ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவியிருக்கும். தடித்த காகிதம் போன்ற வெள்ளைத் துணி பேட்ஜின் விளிம்பைத் தாண்டித் தாறுமாறாகக் கிழிந்து நிற்கும். லேபிளில் உள்ள வாசகங்களையும் படியுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. இணையத்தில் வாங்குபவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்பே உள் லேபிளின் புகைப்படத்தைக் கேட்க வேண்டும். அசல் வைத்திருப்பவர் இரண்டு நிமிடத்தில் எடுத்து அனுப்புவார், மற்றவர் கோபித்துக்கொள்வார்.

கேள்வி: அதிகாரபூர்வக் கடையில் வாங்கிய என் ஜெர்சியில் பேட்ஜ் தைக்கப்படாமல் ரப்பர் போல ஒட்டியிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அது வீரர்கள் அணியும் வகையாக இருக்கலாம். அதில் எடையைக் குறைப்பதற்காகப் பேட்ஜை வெப்பத்தால் ஒட்டுவார்கள், ரசிகர்களுக்கான வகையில்தான் பெரும்பாலும் தையல் வரும். வீரர் வகை உடலை ஒட்டிப் பிடிக்கும், விலையும் முப்பது, நாற்பது பவுண்டு கூடுதல். வயிறு சற்று முன்வந்த என் போன்றவர்களுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால்தான் மூச்சு விட முடியும். ரசிகர் வகையே துவைப்பதற்கும் நீண்ட நாள் உழைப்பதற்கும் ஏற்றது என்பது என் கருத்து.

கேள்வி: ஜூன் மாதம் லண்டன் வருகிறேன். எங்கே போக வேண்டும்?

வெம்ப்ளி மைதானத்தின் அருகிலேயே லண்டன் டிசைனர் அவுட்லெட் இருக்கிறது, நைக்கி, அடிடாஸ் இரண்டின் தள்ளுபடிக் கடைகளும் அங்கே உண்டு. எந்தக் கிளப் கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். பழைய சீசன்கள் வேண்டுமென்றால் கிளாசிக் ஃபுட்பால் ஷர்ட்ஸ் என்ற நிறுவனத்துக்குப் போங்கள். 2006-ல் மான்செஸ்டரில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இப்போது லண்டனிலும் கடை இருக்கிறது. பயன்படுத்திய ஜெர்சிகளைத் தரம் பிரித்து, கறை, கிழிசலைக் குறிப்பிட்டு விற்கிறார்கள். மைதானத்தை ஒட்டிய கிளப் கடைகளில் சீசன் முடிந்த வாரங்களில் ஒரு மூலையில் தள்ளுபடி ஜெர்சிகள் தொங்கும் கம்பிகள் நிற்கும், வாசலில் அடுக்கியிருக்கும் புதுச்சரக்கைத் தாண்டி உள்ளே நடக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சுற்றுலாப் பயணிகள் வாட் வரியைத் திரும்பப் பெறும் வசதி 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் இல்லை. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: சிறுவர் சைஸ் மலிவு என்கிறார்களே?

உண்மைதான். பிரிட்டனில் சிறுவர் உடைக்கு 20 சதவீத வாட் வரி கிடையாது, அடிப்படை விலையும் குறைவு. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்குப் பெரிய சிறுவர் சைஸ் சரியாக இருக்கும். மார்பளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், நீளமும் குறையும்.

கேள்வி: இங்கிலாந்துக் கடையிலிருந்து கோயம்புத்தூருக்குக் கொரியரில் வரவழைத்தால் லாபமா?

பெரும்பாலும் இல்லை. வெளிநாட்டு முகவரி என்றால் சில கடைகள் வாட் வரியைக் கழித்துவிடும், அதைப் பார்த்து மனம் குளிரும். பிறகு அனுப்பும் செலவும் இந்தியச் சுங்க வரியும் கொரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்ந்து தள்ளுபடியை விழுங்கிவிடும். "அன்பளிப்பு" என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழக்கமும் பயன்படாது, 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. நைக்கி, அடிடாஸ், பூமாவின் இந்தியத் தளங்களில் சீசன் இறுதித் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், அல்லது ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் கொஞ்சம் இடம் கேளுங்கள்.

கேள்வி: முதுகில் பெயர் அச்சிட்டது வாங்கலாமா?

கிளப்பை விட்டுப் போனவரின் பெயர் என்றால் விலை சரியும். ஹாரி கேன் 2023-ல் பயர்ன் மியூனிக் போனபின் அவர் பெயர் பொறித்த டாட்டன்ஹாம் ஜெர்சியைப் புதிதாகத் தேடி வருபவர் எத்தனை பேர்? அவர் ரசிகருக்கு அது கொள்ளை லாபம். பிரீமியர் லீக்கின் எழுத்துரு 2017-லும் 2023-லும் மாறியது. 2019-ம் ஆண்டு ஜெர்சியில் 2023-ன் எழுத்துரு இருந்தால் அச்சு பின்னால் சேர்க்கப்பட்டது என்று பொருள், ஜெர்சியே போலியாகவும் இருக்கலாம்.

கேள்வி: "திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று சொல்லி எங்கள் ஊரில் பார்சிலோனா ஜெர்சி விற்கிறார்கள்.

திருப்பூரின் பெருமை பருத்திப் பின்னலாடை. கால்பந்து ஜெர்சி முழுக்கப் பாலியெஸ்டர். அந்த ஜெர்சியின் லேபிளைப் புரட்டுங்கள், "மேட் இன் தாய்லாந்து" என்று இருக்கக்கூடும். தாய்லாந்தில் தைத்ததாகச் சொல்லும் உடுப்பு திருப்பூரில் எப்படி மிச்சமானது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எழுபதுகள், எண்பதுகளின் ஜெர்சி மீது ஆசை. ஆனால் விலை நூற்றுக்கணக்கான பவுண்டு!

ஸ்கோர் டிரா என்ற நிறுவனம் கிளப்புகளின் அனுமதியோடு பழைய வடிவமைப்புகளை மறுபடி தைத்து விற்கிறது. நடப்பு ஜெர்சியின் பாதி விலைக்கே கிடைக்கும். அது அந்தக் காலத்து உடுப்பு அல்ல, ஆனால் போலியும் அல்ல. யாராவது அதை "1978-ன் ஒரிஜினல்" என்று விற்றால்தான் ஏமாற்று.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். ஒரு தளத்தில் 35 பவுண்டு கட்டினேன், மூன்று வாரமாக ஜெர்சியும் இல்லை, பதிலும் இல்லை. கிரெடிட் கார்டு என்பதால் பிரிவு 75-ல் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. கார்டு நிறுவனத்தையும் விற்பவரோடு சேர்த்துப் பொறுப்பாக்கும், பிரிட்டன் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ம் பிரிவு 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குத்தான் பொருந்தும், எனவே தள்ளுபடி ஜெர்சி அநேகமாக அதற்குள் வராது. உங்கள் வங்கியை அழைத்து "சார்ஜ்பேக்" (கட்டிய பணத்தை விற்பவரிடமிருந்து வங்கி மீட்டுத் தருவது) கேளுங்கள், டெபிட் கார்டில் கட்டியவர்களும் அதைக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே இன்றே அழையுங்கள். ஆர்டர் உறுதி மின்னஞ்சல், தளத்தின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாவற்றையும் முதலில் சேமித்துவிடுங்கள், ஏனெனில் இப்படிப்பட்ட தளங்கள் திடீரென்று மறைந்துவிடும்.