நிகழ்தகவுக் கணக்கு இருக்கும்போது செயற்கை நுண்ணறிவுக்கு வாத மாதிரிகள் எதற்கு?

நியாயமான கேள்விதான். ஐயம் கலந்த தகவல்களை எண்ணாக்கிக் கையாள, 1988இல் கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் விரித்தெழுதிய பேய்சியன் வலையமைப்பு (ஒன்றையொன்று சார்ந்த தகவல்களைக் கணுக்களாக இணைத்து நிகழ்தகவு கணக்கிடும் வலை) இருக்க, வாதங்களைக் கணினியில் மோதவிட்டு எது நிற்கிறது என்று பார்க்கும் வாத மாதிரிகள் சுற்றுவழியாகவே எனக்கும் தோன்றியது, காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் என் தாய்மாமன் ஒரு விடியற்காலையில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வரை.

கடல் அமைதியாக இருக்கிறது, போகலாம் என்பது மாமாவின் வாதம். பலத்த காற்று வீசும் என்று கைப்பேசியில் கிடந்த எச்சரிக்கை அதைத் தாக்கியது. அதை வாங்கிப் பார்த்த கூட்டாளி, "இன்னாண்ணா, இது நேத்து தேதி போட்டுக்குது" என்றார். காற்று வீசாது என்று அவர் சொல்லவில்லை; எச்சரிக்கையை நம்புவதற்கான பிடியைத்தான் உருவிவிட்டார். முடிவை மறுப்பது வேறு, ஆதாரத்துக்கும் முடிவுக்கும் உள்ள பிணைப்பை அறுப்பது வேறு என்று 1987இல் தத்துவவியலாளர் ஜான் போலாக் பிரித்துக் காட்டியது இதைத்தான். பேய்சியன் வலையிலும் 'செய்தியின் தேதி' என்றொரு கணுவைச் சேர்க்கலாம். ஆனால் அப்படி ஓர் ஐயம் எழும் என்பது முன்பே தெரிந்து, அதற்கான எண்களும் கையில் இருக்க வேண்டும்.

பாங்காக் அருகே உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபான் மின் டுங், 1995இல் வாதத்தின் உள்ளடக்கத்தையே ஒதுக்கிவிட்டு, எது எதைத் தாக்குகிறது என்ற அம்புக்குறிகளை மட்டும் வைத்துக்கொண்டார். கூட்டாளியின் வாதத்தைத் தாக்க எதுவும் இல்லை, அது நிற்கும். அது தாக்கிய எச்சரிக்கை விழும். மாமாவின் வாதம் மீண்டெழும். சற்று நேரத்தில் அன்றைய தேதியிட்ட எச்சரிக்கையே வந்துவிட, படகு கரையில் கிடந்தது. முன்பு சொன்ன எதையும் பொய்யென்று அழிக்காமலேயே முடிவு மட்டும் தலைகீழானது.

இரண்டு வாதங்கள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டால்தான் சிக்கல். டுங் வகுத்த கணக்குகளில் தயங்கி நடக்கும் கணக்கு இரண்டையுமே ஏற்காது. தாராளமான கணக்கு ஆளுக்கொரு விடையாக இரண்டைத் தரும். எது கனமானது என்று அம்புக்குறிக்குத் தெரியாது. நிகழ்தகவு உள்ளே வர வேண்டிய இடம் இதுவே என்பது என் எண்ணம். ஒவ்வொரு வாதமும் உண்மையில் களத்தில் இருப்பதற்கான வாய்ப்பை எண்ணாகக் கொடுத்து, இருக்கக்கூடிய அம்புக்குறி வரைபடங்கள் அனைத்திலும் அது நிற்கும் வாய்ப்பைக் கூட்டிப் பார்க்கும் மாதிரிகள் இருக்கின்றன. 20 வாதங்கள் ஐயத்துக்குரியவை என்றால், ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற கணக்கில் 10,48,576 வரைபடங்கள் வரும் என்பதால், பெரிய கணக்குகளில் சிலவற்றைக் குலுக்கி எடுத்துத் தோராயமாகவே மதிப்பிடுகிறார்கள்.