20ஆம் நாள் 'நெகட்டிவ்', இரண்டு மாதத்தில் கலியாணம்: இனி என்ன செய்யவேண்டும்?

கேள்வி: எனக்கு 29 வயது, தென்மராட்சி. 26 நாட்களுக்கு முன் கொழும்பில் நின்றபோது ஆணுறை இல்லாமல் ஒருவருடன் உறவு கொண்டேன். மூன்றாம் கிழமையில் இரண்டு நாள் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்து மாறிவிட்டன. 20ஆம் நாள் தனியார் ஆய்வுகூடமொன்றில் இரத்தம் கொடுத்தேன். எச்.ஐ.வி. 'நெகட்டிவ்' என்று துண்டு தந்தார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குக் கலியாணம். இதோடு விடலாமா? பெரியாஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பதில்: இதோடு விடக்கூடாது. ஆனால் கலியாணத்துக்கு முன்பே உறுதியான பதில் எடுக்க உங்களுக்கு நாள் இருக்கிறது. எந்த நாளில், எந்த வகைப் பரிசோதனை செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

முதலில் அந்தத் துண்டை எடுத்துப் பாருங்கள். 'அன்ரிபொடி' என்று மட்டும் இருந்தால், கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியை மட்டும் தேடியிருக்கிறார்கள். அது இரத்தத்தில் தெரியப் பல கிழமைகள் எடுக்கலாம். 'அன்ரிஜென்/அன்ரிபொடி' அல்லது 'நாலாம் தலைமுறை' என்று இருந்தால், கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடியிருக்கிறார்கள். நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் இந்த இரண்டாவது வகையில், 45ஆம் நாளில் வரும் 'நெகட்டிவ்' நம்பத்தகுந்தது. விரலில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கும், முரசை (பல் ஈறை) துடைத்துப் பார்க்கும் சுயபரிசோதனைக்கும் 90 நாள் கணக்கு. 20ஆம் நாளில் எந்த வகை செய்திருந்தாலும் அது முடிந்த பதில் ஆகாது.

இன்று 26ஆம் நாள். 45ஆம் நாளுக்கு இன்னும் 19 நாட்கள். கலியாணம் ஏறத்தாழ 86ஆம் நாளில் வருகிறது. ஆகவே ஆய்வுகூட நாலாம் தலைமுறைப் பரிசோதனை என்றால் கலியாணத்துக்கு ஏறத்தாழ ஆறு கிழமைக்கு முன்பே தெரிந்துவிடும். விரைவுப் பரிசோதனையை மட்டும் நம்பினால் 90ஆம் நாள் கலியாணத்துக்குப் பிறகுதான் வரும். இரத்தம் கொடுக்கும்போதே எந்த வகை என்று கேளுங்கள்.

அந்தக் காய்ச்சலைப் பற்றி: எச்.ஐ.வி. தொற்றிய சிலருக்கு இரண்டு முதல் நாலு கிழமைக்குள் காய்ச்சல், தொண்டை நோ, உடம்பில் சிவப்புத் தடிப்பு, கழுத்தில் நெறி என்று வருவது உண்டு. டெங்குவுக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் இதே குணங்கள்தான். மாரி காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் இந்தக் காய்ச்சல் இருக்கும். குணத்தை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. ஆனால் உறவு நடந்த திகதியையும் காய்ச்சல் வந்த திகதியையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தேவை என்று கண்டால் வைத்தியர் 45ஆம் நாள் வரை காத்திராமல் வேறு பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார். தொற்று இருந்தால் இந்த முதற் கிழமைகளில்தான் இரத்தத்தில் கிருமி மிக அதிகம். எனவே பதில் வரும்வரை ஆணுறை இல்லாத உறவு வேண்டாம், இரத்ததானமும் வேண்டாம். இரத்த வங்கியில் பரிசோதிப்பார்கள்தானே என்று எண்ணிப் போவது பெரிய தவறு. இந்த இடைவெளியில் எடுத்த இரத்தம் அங்கும் 'நெகட்டிவ்' காட்டி, வேறொருவருக்கு ஏறிவிடக்கூடும்.

எங்கே போவது? யாழ். போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது, எஸ்.ரி.டி. கிளினிக் என்று கேட்டாலும் தெரியும். கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். பரிசோதனை, ஆலோசனை, மருந்து எல்லாம் இலவசம். உங்கள் பதிவு கிளினிக் இலக்கத்தில் ஓடும். மற்ற வாட்டுகளுக்கோ உங்கள் வீட்டுக்கோ போகாது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்றும் இல்லை. வெள்ளைபடுதல், புண், மரு, கொனோரியா, சிபிலிஸ் என்று பல காரணங்களுக்காக வருவார்கள். அப்படியும் மனம் கேட்காவிட்டால் வவுனியாவிலோ கொழும்பிலோ உள்ள கிளினிக்கில் கொடுங்கள். கண்டுவிடுவார்களே என்று ஒத்திப்போடுவதை விட, பஸ் ஏறி இன்னொரு ஊருக்குப் போவது எவ்வளவோ மேல். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் இணையச் சேவை ஊடாகவும் நேரம் பதியலாம்.

அங்கே சிபிலிசுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே உறவில் இரண்டும் தொற்றலாம். சிபிலிசின் புண் நோகாது, தானாக ஆறியும் விடும், அதனால் பலர் கவனிப்பதில்லை. இதற்கு 90ஆம் நாளில் மறுபடி ஒருமுறை இரத்தம் கொடுப்பது நல்லது.

முரசுச் சுயபரிசோதனை செய்பவர்கள் பிழைவிடும் இடங்கள் சில. அதற்கு முந்திய 15 நிமிடம் தேத்தண்ணி, வெற்றிலை, சாப்பாடு எதுவும் வேண்டாம். மேல் முரசில் ஒருமுறை, கீழ் முரசில் ஒருமுறை, அவ்வளவுதான் துடைக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு முன்னும் வாசிக்கக்கூடாது, பின்னும் கூடாது. பரவலாகப் பாவிக்கும் வகைக்கு அது 20 முதல் 40 நிமிடம். கருவி வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' கோடு வராவிட்டால் அந்தக் கருவி செல்லாது. இரண்டு கோடும் வந்தால், இரண்டாவது மங்கலாக இருந்தாலும், கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும். எந்த ஒரு தனிப் பரிசோதனையையும் வைத்து ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று சொல்லக்கூடாது.

இனி ஒருவேளை பொசிட்டிவ் என்றால்? இலங்கையில் எச்.ஐ.வி. மருந்து 2004 முதல் இலவசம். இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு குளிசை: ரெனோபோவிர், லாமிவுடின், டொலுரெக்ராவிர் மூன்றும் ஒன்றில். ஒழுங்காகப் போட்டால் சில மாதங்களில் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும்; அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. இது உறுதியான விஞ்ஞானம். கலியாணமும் செய்யலாம், தொற்று இல்லாத பிள்ளையும் பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரண்டுக்கும் இரத்தம் பார்ப்பது அதற்குப் பெரிய காரணம்.

மருந்து பிழைத்துப்போவது சின்ன விஷயங்களில். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அன்ரசிட்டும் டொலுரெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அது உடம்பில் சேராது. எச்.ஐ.வி. குளிசையை இவற்றுக்கு இரண்டு மணி முன் அல்லது ஆறு மணி பின் போடுங்கள். சீனி வருத்தத்துக்கு மெற்போர்மின் எடுப்பவர், காசநோய்க்கு றிபாம்பிசின் எடுப்பவர் கட்டாயம் சொல்லவேண்டும், அளவுகள் மாறும். சித்த மருந்து எடுத்தாலும் மறைக்க வேண்டாம்.

உங்களுக்கு நாள் கடந்துவிட்டது, ஆனால் வாசிக்கும் இன்னொருவருக்கு உதவலாம்: ஆணுறை கிழிந்தாலோ, பலாத்காரம் நடந்தாலோ, மற்றவர் குத்திய ஊசி குத்தினாலோ 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். முதல் நாளே தொடங்கினால் மிக நல்லது. 28 நாள் தவறாமல் போடவேண்டும். சனி, ஞாயிறு, போயா என்று கிளினிக் திறக்கும்வரை இருக்காமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் போய்ச் சொல்லுங்கள். ஹெரோயினை ஊசியில் ஏற்றும் பொடியளும் இதைக் கேட்கவேண்டும்: ஒரே ஊசியைப் பகிர்வதும் கிருமியை எளிதாகக் கடத்தும். அவர்களுக்கும் கிளினிக் கதவு திறந்தே இருக்கிறது. அடிக்கடி ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள், உறவுக்கு முன்பே எடுக்கும் தடுப்புக் குளிசையைப் பற்றியும் அங்கே கேட்கலாம்.

ஆணுறையோடு தேங்காய் எண்ணெயோ வசலினோ பூசவேண்டாம்; சில நிமிடத்தில் றப்பர் பலவீனமாகும். நீர் சார்ந்த வழுக்கிதான் சரி. பர்சிலும் மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழும் வைத்த ஆணுறை வெக்கையில் கெட்டுப்போகும்.

நாளைக்கே கிளினிக்குக்குப் போய் இந்தத் துண்டைக் காட்டி, 45ஆம் நாளுக்கான திகதியை வாங்குங்கள். போகும்போது நாலு விபரத்தை எழுதிக்கொண்டு போங்கள்: உறவு நடந்த திகதி, காய்ச்சல் தொடங்கிய திகதி, 20ஆம் நாள் செய்த பரிசோதனையின் பெயர், இப்போது எடுக்கும் மருந்துகள்.