மருத்துவர் பதில்கள்: எண்ணாமல் எழுதிய 18

கேள்வி: பயிற்சி மருத்துவராகி 7 மாதம் ஆகிறது. ரவுண்ட்ஸில் மூத்தவர்கள் பின்னால் ஓடுகிறேன், கேஸ் ஷீட் எழுதுகிறேன், மதிய வகுப்புகளில் தவறாமல் உட்காருகிறேன். ஆனாலும் கை தேறிய மாதிரி மனதுக்குப் படவில்லை. குறை என்னிடமா?

பதில்: உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதை, மூத்த மருத்துவர் ஒருவர் ஆரம்பம் முதல் முடிவு வரை பக்கத்தில் நின்று கடைசியாகப் பார்த்தது எப்போது? யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றால் குறை உங்களிடம் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். நானும் உங்களைப் போல முதல் வருடத்தில் இருந்தபோது, இரவு டூட்டியில் நிமோனியாவோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார். காய்ச்சல், பல்ஸ், பிபி எல்லாம் பார்த்து எழுதினேன். மூச்சு எண்ணிக்கைக்கு எதிரே 18 என்று போட்டேன். எண்ணவில்லை. அந்த வார்டில் முக்கால்வாசிச் சீட்டுகளில் 18 அல்லது 20 என்றுதான் இருக்கும். விடியற்காலையில் யூனிட் சீஃப் வந்தார். சீட்டைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். "எண்ணினாயா?" என்றார். "எண்ணினேன் மேடம்" என்றேன். அவர் வேறெதுவும் சொல்லாமல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். 28. கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரவெல்லாம் அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

ஆக்சிஜன் ஆரம்பித்தோம், சிஸ்டரின் மேசைக்கு எதிர்க் கட்டிலுக்கு மாற்றினோம். பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். மேடம் என்னைத் திட்டவே இல்லை. மறுநாள் காலையும் அதற்கடுத்த நாளும் வந்து, நான் எண்ணுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார், அவ்வளவுதான்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால் மதிப்பெண் 0. 25-ஐத் தொட்டுவிட்டால் அந்த ஒன்றுக்கே 3, அதுதான் அதிகபட்சம். நான் போட்ட 18 அந்தப் பெரியவரை 'பயமில்லை' என்ற வரிசையில் உட்கார வைத்துவிட்டது. மூச்சைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்காமலா இருந்தார்கள்? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் மருத்துவத் திறனை நான்கு படியாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படி என்று அறிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. மதிய வகுப்பு முதல் இரண்டு படியோடு நின்றுவிடும். நோயாளி படுத்திருப்பது நான்காவது படியில்.

ஆகவே, நாளைக்கே ஒரு மூத்தவரிடம் போய், "இந்த ஒரு நோயாளியின் நெஞ்சை நான் பரிசோதிப்பதை 5 நிமிடம் பாருங்கள். திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். 'எனக்குக் கற்றுக்கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். ஒரு நோயாளி, 5 நிமிடம் என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. வாரம் ஒரு முறை கேளுங்கள்.

கேள்வி: நான் பொது மருத்துவப் பிரிவில் மூத்த மருத்துவர். காலையில் 2 மணி நேரத்தில் 25 நோயாளிகள். இதில் கற்பிக்க நேரம் எங்கே இருக்கிறது?

பதில்: 25 பேரிடமும் வேண்டாம், இரண்டு பேரிடம் போதும். 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவப் பயிற்றுநர்கள் ஒரு வழியை எழுதி வைத்தார்கள். இளையவர் நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் நாம் உடனே மருந்தைச் சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதை மட்டும் நிறுத்துங்கள். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "இதய பலவீனம்" என்பார். "எதை வைத்துச் சொல்கிறாய்?" "கால் வீக்கம் சார்." அவருடைய யோசனை எந்த இடத்தில் நின்றுபோனது என்று இப்போது தெரிந்துவிட்டதா? கழுத்து ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை, சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கவில்லை. அதில் ஒரு விதியை மட்டும் சொல்லுங்கள். சரியாகச் செய்ததை இன்னது என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், தவறையும் அப்படியே சொல்லுங்கள். 'குட்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. திருத்துவதை நோயாளியின் முன்னாலோ மற்றவர்கள் முன்னாலோ அவமானப்படுத்தும் விதமாகச் செய்யாதீர்கள். அவமானப்பட்டவர் அடுத்த முறை எண்ணாமலே 18 போடுவார், கேட்டால் எண்ணினேன் என்பார்.

கேள்வி: நான் 14 வருட அனுபவமுள்ள செவிலியர். டூட்டி மாறும்போது மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது. பயிற்சி வகுப்பு வைத்தால் எங்களைக் கூப்பிடுவதும் இல்லை.

பதில்: கூப்பிடாதது தவறு. நோயாளியோடு இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பவர்களை விட்டுவிட்டு என்ன பயிற்சி?

ஹேண்டோவர், அதாவது டூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது, தானாக வரும் என்று நினைக்கிறோம், வராது. 2014-ல் வெளியான, ஐ-பாஸ் என்ற ஹேண்டோவர் முறையைப் பற்றிய ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் நடந்தது. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, என்ன ஆகலாம் அப்போது என்ன செய்வது, கடைசியாகக் கேட்டவர் திருப்பிச் சொல்வது என்று ஒரு ஒழுங்கு வைத்தார்கள். நடித்துப் பழக வைத்து, உண்மையான ஹேண்டோவரின்போது பக்கத்தில் நின்று பார்த்தும் திருத்தினார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. ஒரு நோயாளிக்கு எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய அதேதான், இரண்டரை நிமிடம். உங்கள் வார்டில் முதலில் 'திருப்பிச் சொல்வதை' மட்டும் ஆரம்பியுங்கள். "2 மணிக்குப் பொட்டாசியம் ரிசல்ட் வரும், கூடுதலாக இருந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும், சரியா டாக்டர்?" என்று நீங்களே கேட்கலாம். யாருடைய அனுமதியும் இதற்குத் தேவையில்லை.

கேள்வி: என் அப்பாவை இளம் மருத்துவர்கள்தான் அடிக்கடி வந்து பார்க்கிறார்கள். அவரை வைத்துப் பழகுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. ஊசி, குழாய் போடுவது, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) போன்றவற்றை முதலில் பொம்மையில் பழகிவிட்டுத்தான் வர வேண்டும், அந்தப் பழக்கத்தையும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "இவருக்கு மேலே யார் பார்க்கிறார்? இதை நீங்கள் முன்பு செய்திருக்கிறீர்களா?" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். மேற்பார்வை இருந்தால், இளையவர்கள் வந்து பார்ப்பது உங்கள் அப்பாவுக்கு நல்லதே. ஒரு நாளில் அவரோடு அதிக நேரம் பேசுபவர்கள் அவர்கள்தான்.

ஒரு உதவியும் கேட்கிறேன். அவர்களில் ஒருவர் கட்டிலருகே கடிகாரத்தோடு பேசாமல் நின்று அப்பாவின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு நிமிடம் அவரிடமும் அப்பாவிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.