ஐஎன்எஃப்ஜேவா, ஐஎன்எஃப்பியா?

ஆறு மாத இடைவெளியில் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனையை (நான்கு அளவுகோல்களில் ஒருவர் எந்தப் பக்கம் என்பதை நான்கு எழுத்துகளால் குறிப்பது) இரண்டு முறை எழுதியதில் முதலில் ஐஎன்எஃப்ஜே, பிறகு ஐஎன்எஃப்பி என்று வந்ததால், எதை நம்பி வேலையை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி எழுத்து மட்டுமே மாறியிருப்பதால், முன்கூட்டியே திட்டமிடுவதா, போகிற போக்கில் முடிவெடுப்பதா என்ற அளவுகோலில் நீங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறீர்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் முன்வைத்த வகைப்பாட்டிலிருந்து கிளைத்த இந்த முறை, நடுவில் நிற்பவரையும் ஏதேனும் ஒரு பக்கம் தள்ளித்தான் 16 வகைகளைப் பெறுகிறது. ஆளெடுப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதை நடத்துவோரே சொல்லும்போது, வேலையை விடுவதற்கு இதைச் சான்றாகக் கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வாரம் மாலைதோறும், அன்று எந்த வேலை உங்களைச் சோர்வாக்கியது, எதில் நேரம் போனதே தெரியவில்லை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நான் அப்படி எழுதியபோதுதான், மதியம் மூன்று மணிக்குத் திடீரென்று கூட்டப்படும் கூட்டங்களே என்னை வாட்டுகின்றன என்று தெரிந்தது (‘ஐ’ என்ற முதல் எழுத்து தரும் அகமுகி என்ற பட்டம் அதைச் சொல்லவே இல்லை); காலையிலேயே தெரிவித்துவிடும்படி மேலாளரைக் கேட்டுக்கொண்டதோடு அது தீர்ந்தது.