மேற்குத் தொடர்ச்சி மலைக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்?

கேள்வி: நானும் நண்பர்களும் டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் அனுமதி உள்ள பாதைகளில் மலையேறி, முகாமில் ஓரிரு இரவுகள் தங்குவது வழக்கம். எல்லாப் பொருள்களையும் நாங்களே சுமக்க வேண்டும். மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும் என்று சொல்லி, வாத்துத் தூவி நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். அதே கடையில் 10 டிகிரி என்று குறித்த பாலியெஸ்டர் பை பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது நல்லது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாலியெஸ்டர் பையையே வாங்குங்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் போகும் மலைகளில் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடுங்குளிர் அன்று, ஈரந்தான்.

எந்த ஸ்லீப்பிங் பேக்கும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே நிரப்பிய பொருளின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது. தூவி நனைந்தால் அதன் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, காற்று தங்கிய இடம் இல்லாமற் போகிறது. வெயில் இல்லாத மலைமுகாமில் அதை மறுபடி உலர்த்துவதும் எளிதன்று. பாலியெஸ்டர் இழையோ தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சுவதில்லை. ஆகவே மூடுபனியிலும், கூடாரத்தின் உட்புறம் விடியற்காலையில் கோத்து நிற்கும் நீரிலும் பை நனைந்துவிட்டாலும், நன்றாக உதறிக் காற்றாட விரித்துப் போட்டால் அது விரைவில் பழைய பருமனுக்கு வந்துவிடும். நனைந்த பாலியெஸ்டர் பையும் உலர்ந்த பையளவுக்குக் கதகதப்பாக இருக்கும் என்று விளம்பரங்களில் சொல்வதை நம்ப வேண்டாம். அதுவும் சூட்டை இழக்கும், ஆனால் தூவியைப் போல முழுவதுமாகக் கைவிடாது.

தூவிப் பை எடை குறைந்தது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். உறைபனிக் குளிருக்கான பைகளில் அது பெரிய வேறுபாடுதான். மிதமான குளிருக்கான பையில் நிரப்பியிருக்கும் பொருளே கொஞ்சம் என்பதால், மொத்த எடையில் பெரும்பகுதி மேல்துணியும் ஜிப்பும் ஆகிவிடுகிறது. எனவே இரண்டுக்கும் உள்ள எடை வேறுபாடு சுருங்கிவிடுகிறது. 10 டிகிரி அளவுக்கான நல்ல பாலியெஸ்டர் பை 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் கிடைக்கும். அதற்கு மேல் எடை இருந்தால் வேறு பையைப் பாருங்கள்.

உங்களுக்கு எத்தனை டிகிரிப் பை தேவை என்பதை நீங்களே ஓரளவு கணக்கிடலாம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத்து ஊரில் ஜனவரி இரவு 20 டிகிரி என்றால், அங்கிருந்து 1,500 மீட்டர் மேலே உள்ள முகாமில் 11 டிகிரியை எதிர்பார்க்கலாம். இந்தக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு: தெளிந்த வானமுள்ள இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தாக்குகளில் தேங்கும். ஊட்டி, மூணாறு சுற்றுவட்டாரப் புல்வெளிகளிலும் பள்ளங்களிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படிவது இதனால்தான். அந்த மாதங்களில் அங்கே கூடாரத்தில் தங்குவதானால் 10 டிகிரிப் பை போதாது. அதைத் தவிர்த்தால், உங்கள் பயணங்களுக்கு அது சரியான தேர்வு.

பையின் மீது மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். ஐஎஸ்ஓ 23537 என்னும் தரநிலைப்படி, சூடேற்றிய மனித உருவ பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து அளந்து பெறும் எண்கள் இவை. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகப் படுத்து உறங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு இரவைக் கழிக்கக்கூடியது. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான எல்லை, உறக்கத்துக்கானது அன்று. கடையில் உங்களிடம் சொன்ன மைனஸ் 5 இந்த மூன்றில் எது என்று கேட்டீர்களா? பெரிய எழுத்தில் எக்ஸ்ட்ரீம் எண்ணை மட்டும் அச்சிட்டு விற்கும் பைகள் சந்தையில் இருக்கின்றன; அது வாங்குபவரை ஏய்க்கும் வேலை என்றே நான் கருதுகிறேன். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, ஜிப் முழு நீளத்துக்கு, கால்மாட்டிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். மார்ச் மாதத்து இரவில் பைக்குள் புழுங்கும்போது, அதை அகல விரித்துப் போர்வையாகப் போர்த்திக்கொள்ள இந்த வசதி வேண்டும். எடையைக் குறைப்பதற்காகப் பாதி நீள ஜிப் வைத்த பைகள் நம் வெப்பத்துக்கு ஒத்துவருவதில்லை.

கேள்வி: 10 டிகிரி கம்ஃபர்ட் என்று பார்த்தே வாங்கினேன். கொடைக்கானல் பக்கம் முகாமிட்ட இரவில் வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஆனாலும் நடுங்கிக்கொண்டே விடியும்வரை விழித்திருந்தேன். பை போலியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பையைக் குறை சொல்லும் முன், எதன் மேல் படுத்தீர்கள் என்று பாருங்கள். நம் உடல் எடையால் முதுகுக்குக் கீழே உள்ள நிரப்பு நசுங்கி, காற்று வெளியேறிவிடுகிறது. பின்னர் உடற்சூடு நேராகத் தரைக்குப் போகிறது. பொம்மையை வைத்து அளக்கும்போதும் அதன் அடியில் பாய் இருக்கும், உடலில் முழுக்கை உள்ளாடை இருக்கும். வெறும் தார்ப்பாயின் மேல் படுத்தவருக்கு அந்த எண் பொருந்தாது. சுருட்டி எடுத்துச்செல்லும் ஃபோம் பாய் சில நூறு கிராம்தான், விலையும் குறைவு. அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

நடந்து வியர்த்த உடையோடு உறங்குவதும் குளிரை இழுத்துவரும். உலர்ந்த பனியன், பேண்ட், காலுறை ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, உறக்கத்துக்கென்றே ஒதுக்கிவையுங்கள். குளிர்காயத் தீ மூட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. அதோடு, தெறிக்கும் ஒரு பொறி போதும், பாலியெஸ்டர் துணி உருகி ஓட்டையாகிவிடும்.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக்கை வீட்டில் துவைக்கலாமா? அடுத்த பயணம் வரை அதன் உறையிலேயே சுருட்டி வைத்திருக்கிறேன்.
– வாசகர், தென்காசி

பதில்: உறையிலிருந்து இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் இழைகளின் வளைவு தளர்ந்து, பை மெலிந்துவிடும். ஈரத்தைத் தாங்கும் பாலியெஸ்டருக்கு இதுதான் பலவீனம். அலமாரியில் தொங்கவிடுங்கள், அல்லது பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டுவையுங்கள். துவைக்கலாம். ஜிப்பைப் பூட்டி, மென்மையான சோப்புக் கரைசலில் கையால் அலசி, முறுக்காமல் நீரை அழுத்தி எடுத்து, நிழலில் விரித்து உலர்த்துங்கள். துணி மென்மைக்கான திரவங்கள் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி அருகிலேயே வரக் கூடாது. அடிக்கடி துவைப்பதைத் தவிர்க்க, உள்ளே ஒரு பருத்தி அல்லது பட்டு லைனர், அதாவது பை வடிவில் தைத்த மெல்லிய துணி உறை, போட்டுக்கொண்டால், வியர்வையும் எண்ணெய்ப்பசையும் அதோடு நின்றுவிடும். சமவெளியை ஒட்டிய முகாம்களில் ஏப்ரல், மே மாதங்களில் அந்த லைனர் ஒன்றே போதும். ஸ்லீப்பிங் பேக்கை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.