நெல்லுக்குரிய தெய்வத்தின் வாசலில்

கேள்வி: அலுவல் நிமித்தம் ஜூன் மாத முற்பகுதியில் ஜப்பானின் கியோட்டோ நகருக்குச் செல்லவிருக்கிறேன். அங்குள்ள புஷிமி இனாரி ஆலயத்தைத் தவறாமல் பார்க்கும்படி நண்பர்கள் கூறுகிறார்கள். அது நரியை வணங்கும் கோயில் என்பது உண்மையா? மரக்கறி மட்டும் உண்ணும் நான் அங்கு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அங்கு வணங்கப்படுவது நரியன்று. இனாரி, ஜப்பானியரின் தொன்மையான மதமான ஷின்டோவில் நெல் விளைச்சலைக் காக்கும் தெய்வம். நரி அதன் தூதர் மட்டுமே. ஹத குலத்து இரோகு என்பவர், அவித்திடித்த அரிசி உருண்டையொன்றை இலக்காக வைத்து அம்பெய்தபோது அது வெண்பறவையாகிப் பறந்து மலையுச்சியில் அமர, அவ்விடத்தில் நெல் விளைந்ததாம். 711ஆம் ஆண்டில் ஆலயம் தோன்றியதை இவ்வாறே கூறுகின்றனர்.

வாசலில் சிவப்புக் கழுத்துத் துணியணிந்த இரு நரிச்சிலைகளின் வாயைக் கவனியுங்கள்: ஒன்று களஞ்சியத் திறவுகோலையும் மற்றொன்று இரத்தின மணியையும் கவ்வியிருக்கும். உள்ளே நெற்கதிரைக் கவ்விய நரிகளும் உண்டு. (நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்னும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.) பலர் மலைப்பாதையிலுள்ள செந்நிறத் தோரண வாயில்களின் கீழ்ப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது வீண் பயணம் என்பேன். அவ்வாயில்கள் அடியார்களும் வர்த்தக நிறுவனங்களும் நேர்ந்தளித்தவை. மலையிலிருந்து இறங்கும்போதுதான் அவற்றின் பின்புறத்தில் பொறித்த பெயர்கள் கண்ணிற்படும்.

உங்கள் பயணத்தில் ஜூன் 10ஆம் திகதி அடங்குமாயின் அன்றைய நாளை இதற்கென ஒதுக்குங்கள். ஏப்ரல் 12ஆம் திகதி விதைத்த நாற்றை அன்று ஆலய வயலில் பெண்கள் நடுவார்கள்; அக்டோபர் 25ஆம் திகதி அறுவடை செய்து, அந்த நெல்லை நவம்பரில் தெய்வத்துக்குப் படைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தையொட்டிப் புதிர் (முதல் அறுவடை நெல்) எடுப்பதைக் கண்டவருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

நம் கோயில்களைப் போல வாசலில் பாதணியைக் கழற்ற வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. கைகளையும் வாயையும் நீரால் சுத்தம் செய்து, காணிக்கை நாணயம் இட்டு, இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது வழக்கம். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா பாதைப் புகையிரதத்தில் இரண்டாவது தரிப்பிடமான இனாரியில் இறங்கினால் எதிரே ஆலயம் தெரியும். கூட்டத்தைத் தவிர்க்க விடியற்காலையிலேயே செல்லுங்கள்.

ஆலய வீதிக் கடைகளில் பொரித்த சோயாத் தயிர்க்கட்டிப் பைக்குள் சோறு நிரப்பிய இனாரிசூஷி கிடைக்கும். பார்ப்பதற்கு முழு மரக்கறிதான். ஆனால் அந்தப் பையைப் பெரும்பாலும் மீன்சாற்றில் அவிப்பார்கள். ஆகையால் கேட்டறியாமல் வாங்காதீர்கள்.